இருபது குதிரையும் ஒரு மூங்கில் கழியும்

ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் கடல் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் செவந்தியிடம் யோசனை கேட்பதில்லை. முடிவுக்கு வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன். அவள் அடுப்படியில் இருந்தாள். மனசுக்குள் எடுக்கிற முடிவு அடுப்படி வரை கேட்பதில்லை என்பது ஆண்டவன் என்னைப் போன்றவர்களுக்குச் செய்திருக்கும் பெரிய உபகாரம்.

நான் சேவுகன். செவந்தி என் மனைவி. வீட்டுக்குள் அவள் சொன்னதுதான் சட்டம். எந்தச் சட்டையை எப்போது போடுவது, எந்த உறவுக்காரனோடு பேசுவது, எவனோடு முறைத்துக்கொள்வது எல்லாம் அவள் இலாகா. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஏனென்றால் எனக்கும் ஒரு ராஜ்யம் இருந்தது. வாசலைத் தாண்டி, மணலைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறிவிட்டால் நான் ராஜா. எங்கள் ஜெகதாப்பட்டினத்துக் கரையில் பொம்பளை படகில் கால் வைக்கக்கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது. போட்டவர் கல்யாணமானவர் என்பது மட்டும் நிச்சயம்.

அந்த ராஜ்யத்துக்கு ஒரே குறை, படகில் இருந்த எஞ்சின். சர்க்கார் கடற்கரைக்கு எஞ்சின் கொடுக்கத் தொடங்கிய புதிதில் சங்கத்தில் வாங்கியது. அஞ்சு குதிரை சக்தி என்று தகட்டில் எழுதியிருந்தது. அதில் மூன்று எப்போதும் படுத்தே கிடக்கிறது என்பது என் சந்தேகம். பக்கத்து வீட்டு வீரய்யாவுடையது பத்துக் குதிரை. கடலில் என்னைத் தாண்டும்போதெல்லாம் கையை ஆட்டிவிட்டுப் போவான். அவன் படகு கிளப்பிய அலையில் என் தூக்குச்சட்டிக் கஞ்சி தளும்பும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரைக்கு வந்தால் செவந்தி மீன்கூடையோடு நிற்பாள்.

"இப்பத்தான் வாரீங்களா?"

"ஆமா."

"வீரய்யாண்ணே வந்து, குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சாச்சு."

"அவனுக்குப் பத்துக் குதிரை."

"நீங்க வழியில எறங்கித் தள்ளிக்கிட்டு வந்தீங்களா?"

கரையே சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. மற்றப் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மேற்கே இருக்கிற கிராமங்களுக்குக் காலையிலேயே போய்விடுவார்கள். செவந்தி போய்ச் சேருகிறபோது அங்கே உலை இறக்கி, குழம்பும் வைத்து முடித்திருப்பார்கள். உச்சி வெயிலில் வீடு வீடாக நின்று கூவிவிட்டுப் பாதிக் கூடையோடு திரும்பி வருவாள். அதைப் பார்க்க எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடமும் வீரய்யாவின் கையாட்டலும் சேர்ந்துதான் என்னை அந்த முடிவுக்குத் தள்ளின. இருபது குதிரை எஞ்சின் வாங்கப் போகிறேன். பன்னிரண்டே போதும்தான். ஆனால் பதிலுக்குக் கையை ஆட்டவும் கொஞ்சம் குதிரை மிச்சம் வேண்டாமா?

படகில் என்னோடு வரும் நாகராசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல பையன். கல்யாணமாகாதவன், அதனால் எதையும் யோசிக்காமல் கேட்டுவிடுவான்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?"

"கடல் விஷயத்துல அக்கா எதுக்குடா?"

"அப்ப சொல்லலே."

சொல்லவில்லை. பழைய எஞ்சின் ரிப்பேர், புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகிறேன் என்று மட்டும் சொன்னேன். செவந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரிப்பேருக்குப் போறவுக சலவை வேட்டி கட்டிக்கிட்டுப் போவாகளா?"

"டவுனு புள்ள. மெக்கானிக்கு மதிக்க வேணாமா?"

லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பழையதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குத் தவணை பேசி, புதியதை வாங்கிவிட்டேன். கடை மெக்கானிக் ஹேண்டிலை மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றினான். எஞ்சின் கிளம்பியது. கடைத் தெருவே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் நான் சொக்கிப்போனேன். சுற்றியவனின் கை எத்தனை பருமன் என்று நான் கவனித்திருக்க வேண்டும்.

லாரி எங்கள் வாசலில் வந்து நின்றபோது எஞ்சினைத் தார்ப்பாயால் மூடியிருந்தேன். செவந்தி அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"ஏங்க, கொண்டுபோனது கன்னுக்குட்டி அளவு. கொண்டாந்திருக்கிறது எருமை அளவு. ரிப்பேர் பண்ணினா எஞ்சின் வளருமா?"

நான் தார்ப்பாயை விலக்கினேன். வேறு வழி இல்லை.

"இருபது குதிரை," என்றேன்.

"இத யாரு சுத்திக் கிளப்புறது?"

"நான்தான்."

அவள் என் கைகளைப் பார்த்தாள். தோளிலிருந்து விரல் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.   

"என்ன புள்ள பாக்குற?"

"ஒண்ணுமில்ல. சின்னதக் கிளப்பவே மூணு தடவ உக்காந்து எந்திரிப்பீங்களே, அத நெனச்சேன்."

"இது புதுசு. பூவாட்டம் சுத்தும்."

"சரி. கடலு ஒங்க பாடு. நான் ஏன் பேசணும்?"

அவளே ஒப்புக்கொண்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். புது எஞ்சினுக்கு இடம் போதவில்லை என்று பாய்மரத்தைக் கழற்றிக் கரையில் போட்டேன். இருபது குதிரை இருக்கும்போது காற்றை எதற்குக் கெஞ்ச வேண்டும்?

வெள்ளோட்டத்துக்கு நல்ல நாள் பார்த்தேன். கரை முழுக்க அழைத்தேன். வீரய்யாவை வீட்டுக்கே போய் அழைத்தேன். ஊர் நாட்டாமை ஆத்மநாதன் தலைமை. கரையில் எந்த வழக்கு வந்தாலும் தீர்ப்பு அவருடையதுதான். சொன்னால் சொன்னது, மாற்ற மாட்டார். எஞ்சினுக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். படகின் முன்பக்கம் சேற்றில் குந்தியிருந்தது, பின்பக்கம் தண்ணீரில். ராகு காலம் பிறப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

ஹேண்டிலை மாட்டினேன். குலதெய்வத்தைக் கும்பிட்டேன். சுற்றினேன்.

பாதிச் சுற்று வந்தது. அதற்குமேல் எஞ்சினுக்கு இஷ்டமில்லை. இன்னொரு தடவை மூச்சைப் பிடித்துச் சுற்றினேன். இந்தத் தடவை அது திருப்பிச் சுற்றியது. நான் மாலையோடு தண்ணீரில் கிடந்தேன். மாலை எஞ்சின் கழுத்திலிருந்து என் கழுத்துக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

நாகராசு சுற்றினான். முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஹேண்டிலில் தொங்கினோம். முடியவில்லை. வீரய்யா "தள்ளுங்கப்பா" என்று சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினான். கொஞ்ச நேரத்தில் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினான். அதற்கப்புறம் யாரும் முன்வரவில்லை. எல்லாரும் சூரியனைப் பார்த்தார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் வேணா ஒரு சுத்து சுத்திப் பாக்கவா?"

செவந்தி. இடுப்பில் கூடை.

"பொம்பள படகுல ஏறக்கூடாது," என்றான் வீரய்யா.

நான் நனைந்த வேட்டியோடு பலமாகத் தலையாட்டினேன். அவனோடு நான் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

நாட்டாமை சூரியனைப் பார்த்தார். உடைத்த தேங்காயைப் பார்த்தார். ராகு காலத்தில் எஞ்சின் கிளம்பினால் ஊருக்கே ஆகாது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"ஏறக்கூடாதுன்னா எந்தப் படகுல? கடல்ல நிக்கிற படகுல. நாகராசு, இந்தப் படகு தரை தட்டுதா?"

"தட்டுதுங்க. சேத்துல குந்தியிருக்கு."

"தரை தட்டுனா கரை. கரையில பொம்பள எங்கயும் ஏறலாம். ஏறு தாயி."

செவந்தி கூடையை இறக்கிவைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஏறி ஹேண்டிலைப் பிடித்தாள். முதலில் மெதுவாக, கேழ்வரகு போட்ட திரிகையைச் சுற்றுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் சுற்றினாள். நான் தூக்கக்கூட முடியாத கூடையை எத்தனை வருஷமாகத் தலையில் சுமந்து நடக்கிறாள், அந்தக் கைக்கு எஞ்சின் ஒரு பொருட்டா? நாலாவது சுற்றில் வேகம் எடுத்தாள். இருபது குதிரையும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன.

கரை ஆரவாரம் செய்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு அவமானத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. என் பெண்டாட்டி என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவமானம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

"போயிட்டு வாங்க," என்று இறங்கி நின்றாள். "நடுவுல அணைச்சுராதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையின் அர்த்தம் கடலுக்குள் போன பிறகுதான் புரிந்தது. அணைத்தால் மறுபடி கிளப்ப ஆள் இல்லை. வலை போடும்போதும் எஞ்சின் ஓடியது. வலை இழுக்கும்போதும் ஓடியது. நாங்கள் கஞ்சி குடிக்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து உறுமிக்கொண்டே இருந்தது. மீன்களுக்கும் காது உண்டு போலிருக்கிறது. எங்கள் வலைப் பக்கம் ஒன்றும் தலைகாட்டவில்லை. வீரய்யாவைத் தாண்டினேன், கையை ஆட்டினேன், முதல் ஆளாகக் கரைக்கு வந்தேன்.

"சீக்கிரம் வந்துட்டீங்களே," என்றாள் செவந்தி.

"பின்ன? இருபது குதிரை."

அவள் படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மீனு பின்னால வருதாங்க?"

தினமும் இதே கதைதான். விடியற்காலையில் அவள் வந்து சேற்றில் நிற்கும் படகில் ஏறிச் சுற்றிக் கொடுப்பாள். நான் சத்தத்தோடு போய், சத்தத்தோடு திரும்புவேன். எண்ணெய் குறைந்தது, மீன் குறைந்தது, வீட்டில் என் மரியாதையும் குறைந்தது. ஒரு நாள் எனக்கு ரோசம் வந்துவிட்டது. நானும் நாகராசுவும் நாலு கை. ஒரு பெண்ணின் இரண்டு கைக்கு ஈடாகாதா என்று நடுக்கடலில் எஞ்சினை அணைத்தேன்.

என்ன அருமையான அமைதி. வலை நிறையக் காரல் மீன் விழுந்தது. ஓரா விழுந்தது. சந்தோஷமாக இழுத்துப் போட்டுவிட்டு ஹேண்டிலைப் பிடித்தோம்.

ஈடாகவில்லை.

பாய்மரம் கரையில் கிடந்தது. காற்று எங்களைக் கேலி செய்வதுபோல நன்றாக வீசியது. அன்று முழுக்க மிதந்தோம். மறுநாள் மத்தியானம் வீரய்யாதான் தேடி வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். அவன் கையை ஆட்டவில்லை. அதைப் பார்த்ததும்தான், கரையில் என்ன நினைத்துவிட்டார்களோ என்று எனக்குப் பயம் வந்தது.

செவந்தி மணலில் உட்கார்ந்திருந்தாள். கூடை கவிழ்ந்து கிடந்தது. ஊரே கேட்கத் திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். திட்டவில்லை. "கஞ்சி இருக்கு, குடிங்க," என்றாள். ஊற்றிக் கொடுக்கும்போது பாதிக் கஞ்சி மணலில் சிந்தியது. இருபது குதிரையைச் சுற்றின கை. 

"செவந்தி," என்றேன்.

"பேசாமக் குடிங்க. கடலுக்குள்ள நீங்க எப்படியும் இருந்துக்கங்க. திரும்பி வரணும். எனக்கு அது போதும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். புதுக்கோட்டைக் கடைக்காரன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

அடுத்த நாள் விடியற்காலையில் வழக்கம்போல வந்தாள், ஏறினாள், சுற்றினாள். எஞ்சின் கிளம்பியது. அவள் இறங்கவில்லை.

"எறங்கு புள்ள, நேரமாச்சு."

"நீங்க படக எடுங்க."

"நீ எறங்காம எப்படி எடுக்குறது?"

அவள் கையில் ஒரு மூங்கில் கழி இருந்தது. படகுக்கு வெளியே விட்டுத் தண்ணீருக்குள் குத்தினாள்.

"தரை தட்டுதுங்க. தரை தட்டுனா கரை. நான் கரையிலதான நிக்கிறேன்?"

"அது படகு தட்டுறதுக்குச் சொன்னாரு நாட்டாமை."

"வாங்க, அவருகிட்டயே கேப்போம்."

நானும் உற்சாகமாகப் போனேன். நாட்டாமை வீட்டு வாசலில் வழக்கைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி சொர்ணவல்லி வந்து நின்றார். கையில் மோர்ச் செம்பு.

"சேவுகனும் நாகராசும் அன்னைக்குத் திரும்பலேன்னா யாரு பதில் சொல்லியிருப்பா?" என்று பொதுவாகக் கேட்டார் அந்த அம்மாள். கேட்டுவிட்டு, செம்பை நாட்டாமை பக்கத்தில் ஓசையோடு வைத்தார்.

நாட்டாமை திறந்த வாயால் மோரைக் குடித்தார்.

"நான் ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான் சேவுகா. தரை தட்டுனா கரை. எது தட்டுச்சுன்னு அப்பவும் நான் கேக்கலே, இப்பவும் கேக்கலே. தட்டாத எடம் வந்தா அந்தப் பொண்ணு எறங்கிரணும். அம்புட்டுத்தான்."

தட்டாத இடம். எனக்கு உயிர் வந்தது. கழி என்ன நீளம் இருக்கும்? கொஞ்ச தூரம் போனால் எட்டாது. எட்டாவிட்டால் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டியதுதான். சந்தோஷமாகப் படகை விட்டேன்.

எங்கள் கடல் ஆழத்துக்குப் பேர்போனது இல்லை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தண்ணீரை நான் வலைக்கு ஆகுமா என்று பார்த்திருக்கிறேனே தவிர, பெண்டாட்டியை இறக்கிவிட ஆகுமா என்று பார்த்ததில்லை. போகப் போகக் கழி தட்டிக்கொண்டே வந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு இடத்தில் தட்டவில்லை.

"பாத்தியா," என்றேன்.

"ஆமாங்க," என்று அடக்கமாகச் சொன்னாள். திரும்பினோம். ராஜ்யம் பிழைத்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கழியோடு இன்னொரு கழியைச் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வலை போடும் இடம் வரைக்கும் தட்டியது. அங்கே எஞ்சினை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். சத்தமில்லாமல் வலை போட்டோம். நிறைய விழுந்தது. அவள் ஹேண்டிலை மாட்டிச் சுற்றினாள், கிளம்பியது. வீரய்யாவுக்கு முன்னால் கரை சேர்ந்தோம். மேற்குக் கிராமங்களில் அடுப்புப் பற்றவைக்கிற நேரத்துக்குச் செவந்தியின் கூடை தெருவில் இருந்தது. சாயங்காலம் வெறுங்கூடையோடு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான். மனசு குளிர்ந்துவிட்டது. ஒரே ஒரு மாற்றம். எஞ்சினையும் கவனித்துக்கொண்டு கழியையும் பிடிக்க அவளுக்குக் கை போதவில்லை.

"நாகராசு வலையைப் பாக்கட்டும். நீங்க இதப் புடிங்க," என்று கழியை என்னிடம் கொடுத்தாள்.

"படகு என்னுது. நான் கழி புடிக்கிறதா?"

"கடல் தெரிஞ்சவுகதான தரையப் பாக்கணும்? எனக்கு என்ன தெரியும்?"

நியாயமாகத்தான் பட்டது. பிடித்தேன்.

செவந்தியின் கூடை முதலில் போவது வீரய்யா வீட்டுக்குப் பிடிக்கவில்லை. செவந்தி தரை தட்டாத இடத்துக்கும் வருகிறாள் என்று அவன் நாட்டாமையிடம் பிராது கொடுத்துவிட்டான். நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன் என்று நாட்டாமை அவன் படகிலேயே ஏறி ஒரு நாள் வந்தார். அன்றைக்கென்று மீனைத் துரத்திக்கொண்டு நாங்கள் வழக்கமான இடத்தைத் தாண்டிப் போயிருந்தோம். எஞ்சின் அணைந்திருந்தது. அவர்கள் படகு பக்கத்தில் வந்து நின்றது.

"கேளுங்க நாட்டாமை," என்றான் வீரய்யா.

"சேவுகா, தரை தட்டுதா?"

நான் கழியை இறக்கினேன். முழுக் கழியும் உள்ளே போனது. என் முழங்கை போனது. தோள் வரைக்கும் போனது. அடியில் ஒன்றும் இல்லை. கழி சும்மா ஆடியது.

ஒரு வார்த்தை. தட்டவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என் ராஜ்யம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். செவந்தியைப் பார்த்தேன். அவள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணலில் சிந்திய கஞ்சி ஞாபகத்துக்கு வந்தது. வெறுங்கூடையும் பாட்டும் ஞாபகத்துக்கு வந்தன. கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் ஒரு விஷயம் என் வாயில் இருக்கிறது. நானே முடிவு செய்கிறேன், யாரையும் கேட்காமல். என்னைவிடப் பெரிய மனசுக்காரன் இந்தக் கரையில் உண்டா?

"தட்டுதுங்க," என்றேன். "நல்லாவே தட்டுது."

"அவனே சொல்லிட்டான்ல. தரை தட்டுனா கரை. படகத் திருப்பு வீரய்யா," என்றார் நாட்டாமை.

அவர்கள் போனார்கள். நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நன்றியாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று செவந்தியைப் பார்த்தேன்.

"இதுக்கா இம்புட்டு வேர்த்தீங்க?" என்றாள் அவள். "நீங்க என்ன சொன்னாலும் தட்டுதுன்னுதான் தீர்ப்புன்னு சொர்ணவல்லி அக்கா நேத்தே சொல்லிட்டாகளே."